14 சென்ட் குச்சிக்கிழங்குக் காடு: மாதிரி டிராக்டருக்கு ஒரு நிலம் செய்வது எப்படி

மாதிரி டிராக்டரை வாங்க ஒரு நாள் போதும். அது நிற்கிற நிலத்தைச் செய்யத்தான் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு நிஜம் போலத் தெரிவது அந்த நிலத்தால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிராக்டராக இருந்தாலும், பச்சைப் பெயிண்ட் அடித்த அட்டை மேல் நிறுத்தினால் பொம்மைதான்.

அதனால் இந்தக் கட்டுரையில் டிராக்டரைப் பற்றிக் குறைவாகவும் மண்ணைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன். சேலம் பக்கத்தில் இருந்துகொண்டு முதல்முறையாக ஒரு பண்ணை டயோரமா (ஒரு காட்சியை அப்படியே சின்ன அளவில் காட்டும் மாதிரி) செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இதற்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியது டிராக்டர் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஹார்டுவேர் கடையிலும், சமையலறையிலும், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு காட்டின் (எங்கள் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம்) வரப்பிலும் இருக்கிறது.

என்ன வேலை, எந்த மாதம்

"ஒரு பண்ணை" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் வீடு, மாடு, கோழி, கிணறு, தென்னை, டிராக்டர் எல்லாம் ஒரே பலகையில் வந்து நெருக்கியடிக்கும். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள். மண்ணின் நிறம், புல்லின் பசுமை, ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது இது: தை மாதம், வாழப்பாடி - ஆத்தூர் சாலையை ஒட்டிய ஒரு காடு, குச்சிக்கிழங்கு (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கி முடித்திருக்கிறார்கள், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போக டிரெய்லரில் பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏன் பிடுங்கிய காடு? பயிர் நிற்கிற காட்டைச் செய்வது கடினம் என்பதால்தான். குச்சிக்கிழங்குச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், இலை ஒவ்வொன்றும் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அதைக் காகிதத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டும் பொறுமை முதல் முயற்சியில் யாருக்கும் இருக்காது. பிடுங்கிய காட்டில் குழி, கட்டி, உடைந்த குச்சி, கிழங்குக் குவியல் ஆகியவைதான் இருக்கும். எல்லாம் எளிது, எல்லாம் அலங்கோலம். அந்த அலங்கோலம் கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது.

மஞ்சள், நெல், பருத்தி என்று வேறு எதையாவது செய்ய ஆசை இருந்தாலும் இதே முறைதான். நெல் என்றால் சேற்றில் கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் வேண்டும், தண்ணீரும் காட்ட வேண்டும். அதை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு

பண்ணை மாதிரிகளில் உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது 1:32, அதாவது நிஜ அளவில் 32-ல் ஒரு பங்கு. இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ், ஜெர்மனியின் சிக்கு போன்றவர்கள் அதிகம் செய்வது இந்த அளவில்தான். அமெரிக்காவில் எர்ட்ல் போன்றவர்களால் 1:64-ம் 1:16-ம் பழக்கமானவை. நமக்கு 1:32 வசதி. காரணம், ஓர் அடி 9.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். "அடிக்கு ஒரு சென்டிமீட்டர், அதில் ஒரு துளி குறைவு" என்று மனதில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டரே வேண்டாம். ஐந்தரை அடி ஆள் 52 மி.மீ. ஓரடி வரப்பு ஒரு சென்டிமீட்டர். நாற்பதடித் தென்னை 38 செ.மீ.

நிலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் திகைப்பாக இருக்கும். 1:32-ல் ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 20 செ.மீ.க்கு 20 செ.மீ. ஓர் ஏக்கர் வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஒரு சின்ன அறையின் தரை முழுக்க. நாம் எடுக்கப்போகும் 2 அடிக்கு 3 அடிப் பலகையில் அடங்குவது 14 சென்ட். ஆகவே நாம் செய்வது ஒரு காட்டின் மூலையை மட்டும்தான். பலகையின் ஓரத்தில் வரப்பும் சால்களும் பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி முடியட்டும். ஓரத்தோடு ஓரமாக வரப்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் காடு தொட்டியாகிவிடும்.

எந்த டிராக்டர்

வெளிநாட்டு மாதிரிகளில் கண்ணைப் பறிப்பவை 200, 300 குதிரைத்திறன் வண்டிகள். அவை 1:32-லேயே 17, 18 செ.மீ. நீளம் வரும். நம் காடுகளில் ஓடும் 40, 45 குதிரைத்திறன் டிராக்டர் அந்த அளவில் 10 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். பெரிய வண்டியை 14 சென்ட்டில் இறக்கினால் திரும்பவே இடம் இருக்காது, பார்க்கிறவருக்கும் உறுத்தும்.

பழைய மேசி ஃபெர்குசன் 35, 135 வகை மாதிரி கிடைத்தால் விடாதீர்கள். சென்னையின் டாஃபே நிறுவனம் செய்யும் 1035-க்கு அதே குடும்பச் சாயல் உண்டு. மேலே ஒரு டாப், முன்னால் ஒரு பம்பர் சேர்த்தால் நம் ஊர் வண்டி.

பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டிராக்டரிலும் தொடங்கலாம், தவறே இல்லை. ஆனால் பெட்டியில் அளவு போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பரவலாக இருக்கும் 13.6-28 அளவுப் பின் டயர் நிஜத்தில் ஏறக்குறைய 1,300 மி.மீ. உயரம். உங்கள் மாதிரியின் பின் டயரை அளந்து 1,300-ஐ அதனால் வகுங்கள். டயர் உயரம் 40 மி.மீ. சொச்சம் இருந்தால் 1:32. 54 மி.மீ. என்றால் 1:24. எது வந்தாலும் சரி, ஆள், வரப்பு, மரம் எல்லாவற்றையும் அதே கணக்கில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பலகை

12 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 3 அடி. அடியில் குறுக்காக இரண்டு ரீப்பர் (மரச்சட்டம்) அடித்துவிடுங்கள். மேல், கீழ் இரண்டு பக்கமும் பிரைமர் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் ஈரக் கலவையைப் போட்டதும் பலகை வளைந்துகொள்ளும்.

அதன் மேல் தெர்மகோல். சேலம் பக்கத்துக் காடு எதுவும் தட்டையாக இருப்பதில்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இரண்டு மூன்று செ.மீ. சரிவு கொடுங்கள். டிராக்டர் நிற்கும் வண்டித்தடத்தைக் காட்டை விடக் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள். வரப்பை நேர்கோட்டில் போடாதீர்கள். அது ஒரு மரத்தையோ பாறையையோ சுற்றிக்கொண்டு லேசாக வளைந்து போகட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தெர்மகோலுக்கு ஃபெவிகால் மட்டும்தான். ஃபெவிக்விக், ஃபெவிபாண்ட், ஸ்ப்ரே பெயிண்ட் எதுவும் நேரடியாகப் படக்கூடாது, அரித்துவிடும். சரிவை வெட்டி முடித்த பிறகு செய்தித்தாளைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, தெர்மகோலே தெரியாதபடி இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டால் நிம்மதி.

மண்

இந்த வேலையில் சேலத்துக்காரருக்கு இருக்கிற பெரிய வசதி செம்மண். அதை பெயிண்டில் கொண்டுவர முயலாதீர்கள். நிஜ மண்ணின் நிறத்துக்கு ஈடாக எந்தப் புட்டியும் இல்லை.

ஒரே காட்டில் மூன்று இடங்களில் தனித்தனியாக எடுங்கள்: உழுத மேல்மண், வரப்பு மண், வண்டித்தடத்தின் பொடிமண். மூன்றும் மூன்று நிறமாக இருப்பது வீட்டுக்கு வந்து காகிதத்தில் கொட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். பழைய வாணலியில் போட்டு நன்றாக வறுத்துவிடுங்கள். பூச்சி முட்டையும் புல் விதையும் போய்விடும். அப்புறம் சலிக்க வேண்டும். மாவு சல்லடையில் நிற்பது ஒரு டப்பா, டீ வடிகட்டியில் நிற்பது ஒரு டப்பா, பழைய வேட்டித் துணியில் இறங்கும் தூசி ஒரு டப்பா. ஒரு மில்லிமீட்டர் துகள் 1:32-ல் மூன்று செ.மீ. மண்கட்டி என்பதை மறக்காதீர்கள். சலிக்காத மண்ணைப் போட்டால் காடு முழுக்கப் பாறாங்கல் கிடக்கும்.

ரிமோட்டில் ஓடும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொரு வேலை செய்ய வேண்டும். ஒரு காந்தத்தை பாலித்தீன் உறையில் போட்டு மண்ணுக்குள் துழாவுங்கள். கஞ்சமலை இரும்புக்கல்லுக்குப் பேர்போன ஊர் இது. கருந்துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அவை மோட்டாருக்குள் போனால் வண்டி நின்றுவிடும்.

அடிப்பூச்சுக் கலவை: சலித்த மண் இரண்டு பங்கு, சலித்த மரத்தூள் ஒரு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தேவையான தண்ணீர். ராகிக் களியை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். மரத்தூள் சேர்ப்பது வெடிப்பைக் குறைக்கத்தான். ஐந்து மி.மீ. தடிப்புக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். மேல்புறம் மட்டும் முதலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

கலவை ஈரமாக இருக்கும்போதே சால் போட்டுவிட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியின் நீளவாட்டு விளிம்பில் 7 மி.மீ. இடைவெளியில் ஒன்பது பல் வெட்டிக்கொண்டால் அதுதான் ஒன்பது கொத்துக் கலப்பை. ஆனால் நம் காடு பிடுங்கிய காடு. பழைய பார்கள் (செடி நட்டிருந்த மண் வரிசைகள்) 28 மி.மீ.க்கு ஒன்றாக, அதாவது நிஜத்தில் மூன்றடிக்கு ஒன்றாக, மங்கலாகத் தெரிய வேண்டும். அவற்றின் மேல் அதே மூன்றடிக்கு ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்ட மண். பென்சிலின் பின்முனையால் குத்தி, ஒரு பக்கமாகத் தள்ளினால் கிழங்கு பிடுங்கிய குழி அச்சாக வந்துவிடும். எல்லாக் குழியும் ஒரே பக்கம் சாய வேண்டாம். பத்துப் பேர் பிடுங்கிய காடு அது.

வரப்போரம் ஒரு சாண் அகலத்துக்கு (பலகையில் 7 மி.மீ.) பார் இருக்கக்கூடாது. டிராக்டரின் கலப்பை வரப்பு வரைக்கும் வராது. அந்த இடத்தை மண்வெட்டியால் கொத்தியிருப்பார்கள், அல்லது புல் மண்டிக் கிடக்கும். மூலையிலும் அப்படித்தான், வண்டி திரும்பிய இடத்தில் சால்கள் வளைந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். விவசாயம் தெரிந்தவர் உங்கள் டயோரமாவில் முதலில் பார்ப்பது இந்த ஓரங்களைத்தான்.

காய்ந்ததும் மண் கொஞ்சம் கறுத்திருக்கும். ஃபெவிகால் பட்ட மண் எப்போதும் ஈரமண் நிறத்துக்குப் போய்விடும். கவலைப்பட வேண்டாம். தண்ணீரை ஸ்ப்ரே செய்து நனைத்துவிட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும், மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். அது பாதி காயும்போது வேட்டித் துணியில் சலித்த தூசி மண்ணை மேலே தூவுங்கள். ஒட்டியது போக மீதியை மறுநாள் தட்டிவிடலாம். இப்போது பழைய நிறம் திரும்பியிருக்கும்.

டயர் தடம்

டிராக்டர் வந்த வழி தெரியாவிட்டால் அது வானத்திலிருந்து இறங்கியது போலிருக்கும். வண்டித்தடத்துக் கலவை கெட்டிப்படும் தறுவாயில், டயரில் சமையலறை கிளிங் ஃபிலிம் ஒரு சுற்றுச் சுற்றி, வண்டி வந்த திசையிலேயே அழுத்தி உருட்டுங்கள். பின்னோக்கி உருட்டாதீர்கள். பின் டயரின் அம்புக்குறிப் பட்டையில் முனைதான் முதலில் தரையைத் தொடும். அதனால் தடத்தில் அந்த முனை வண்டி வந்த பக்கத்தையே காட்டும். சரியான திசையில் உருட்டினால் இது தானாக அமைந்துவிடும், யோசிக்கவே வேண்டாம்.

முன் சக்கரத் தடத்தின் மேல் பின் சக்கரத் தடம், அதற்கும் மேலே டிரெய்லர் சக்கரத் தடம். பாரம் ஏற்றி நிற்கும் டிரெய்லரின் சக்கரம் இரண்டு மி.மீ. மண்ணில் புதைந்திருக்கட்டும். ரப்பர் டயராக இருந்தால் அடியில் அரை மி.மீ. மழித்துத் தட்டையாக்குங்கள். டயர் பாரத்தில் அமுங்கியிருப்பதாகத் தோன்றும். இந்த ஒரு காரியத்திலேயே வண்டிக்குக் கனம் வந்துவிடும்.

கிழங்கும் குச்சியும் டிரெய்லரும்

பத்தடிக்கு ஆறடி டிரெய்லர் 95 மி.மீ.க்கு 57 மி.மீ. பக்கப்பலகை இரண்டடி என்றால் 19 மி.மீ. ஒரு மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டலாம். சக்கரத்துக்கு 32 மி.மீ. விட்டமுள்ள பொம்மை லாரிச் சக்கரம் பொருந்தும். பின்பலகையில் "முனியப்பன் துணை" என்று எழுதுங்கள். சேலம் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. நம்பர் பிளேட்டில் ஆத்தூர் வண்டி என்றால் டிஎன் 77, சேலம் மேற்கு என்றால் டிஎன் 30. சின்ன எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கிழங்குக்கு ஏர் டிரை களிமண் நல்லது. எம்-சீல் சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்தால் அதிலும் செய்யலாம். ஒவ்வொன்றும் 10 முதல் 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிப்பு, ஒரு முனை கூர்மை. மெல்லிய நூலாக உருட்டி, சாய்வாக வெட்டிக்கொண்டே போங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது, வளைசலும் கோணலுமாக உருட்டித் தருவார்கள், அப்படித்தான் வேண்டும். பழுப்பு அடித்து, மேலே செம்மண் தூசி. நாலைந்து கிழங்கை உடைத்து உள்ளே வெள்ளை காட்டுங்கள். டிரெய்லரை முழுக்கக் கிழங்கால் நிரப்ப வேண்டியதில்லை. உள்ளே தெர்மகோல் மேடு வைத்து, மேல் அடுக்கு மட்டும் ஒட்டினால் போதும்.

குச்சிக்கு விளக்குமாற்று ஈர்க்கு. ஒரு மி.மீ. தடிப்பு, ஐந்து செ.மீ. நீளம், கணுவுக்குப் பேனாவால் புள்ளி. கட்டுக் கட்டாக நூலால் கட்டி, வேப்பமரத்து நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். அடுத்த நடவுக்கான விதைக்குச்சி அது, வெயிலில் போட்டு வைக்க மாட்டார்கள்.

அஞ்சறைப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒரு ஜவ்வரிசி 3, 4 மி.மீ. இருக்கும். 1:32-ல் அது உரித்த தேங்காய். பழுப்பு அடித்துக் குவித்தால் தேங்காய் லோடு தயார். (ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் வண்டிக்குப் பக்கத்தில் ஜவ்வரிசியே தேங்காயாக வேடம் போடுவது எனக்குப் பிடித்த விஷயம்.) கடுகுக்குச் சிவப்பு அடித்தால் தக்காளி. கசகசா சின்ன வெங்காயம். எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வந்து அறுவடை செய்துகொண்டு போய்விடும். ஜவ்வரிசி காயும் களத்தைக் காட்ட நினைத்தால் மட்டும் ஜவ்வரிசி உதவாது. அந்த அளவில் அது மாவு போலத்தான் தெரியும், சாக்பீஸ் தூள் போதும்.

மரம், கம்பம், மோட்டார் ரூம்

மரத்துக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போடும் செம்புக் கம்பி. இருபது முப்பது இழையைச் சேர்த்து முறுக்கி, மேலே போகப் போகப் பிரித்துக் கிளையாக்கி, ஃபெவிகாலும் மரத்தூளும் பூசினால் பட்டை. இலைக்குப் பழைய ஸ்பாஞ்சைப் பச்சைப் பெயிண்ட் தண்ணீரில் மிக்ஸியில் அரைத்துக் காய வைக்க வேண்டும். மிக்ஸி ஜார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் அமைதி முக்கியம்.

தென்னை முழு உயரத்தில் வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பதினைந்தடிக் கன்றுத் தென்னை, 14 செ.மீ., போதும். மட்டை காகிதம், நடுவில் கம்பி, இரண்டு பக்கமும் கத்தரியால் நெருக்கமாகச் சாய்வெட்டு.

மோட்டார் ரூம் எட்டடிக்கு எட்டடி, அதாவது 76 மி.மீ. சன்போர்டில் கட்டி வால் புட்டி பூசுங்கள். சுவரின் அடியில் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை இருக்க வேண்டும். மழை பெய்யும்போது தரையிலிருந்து எழும்பி ஒட்டிய மண் அது. பழைய பிரஷ்ஷை மண் தண்ணீரில் நனைத்து, விரலால் வாரித் தெறிக்க வைத்தால் நிஜ மழை போலவே படும். கறை இல்லாத வெள்ளைச் சுவர் செம்மண் காட்டில் கிடையாது. மின்கம்பம் 25 செ.மீ., கம்பிக்குக் கறுப்புத் தையல் நூல், நடுவில் லேசான தொய்வு.

கிணறு? முதல் பலகையில் வேண்டாம் என்பேன். எபாக்ஸி ரெசின் ஊற்றித் தண்ணீர் காட்டுவதில் மெல்லிய அடுக்காக ஊற்றிக் காய விடும் பொறுமை வேண்டும். மொத்தமாக ஊற்றினால் அது இறுகும்போது எழும் சூடு தெர்மகோலை உருக்கிவிடும். கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வறண்ட கிணறு செய்யுங்கள். உள்ளே கல்லடுக்கு, கீழே இருட்டு. எங்கள் பக்கத்துக் கோடையில் அதுவும் நிஜம்தான்.

ஆளும் ஆடும்

பொட்டலத்தில் வரும் ஆட்கள் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்டிருப்பார்கள். தொப்பியை அரத்தால் தேய்த்துவிட்டு எம்-சீலில் தலைத்துண்டு கட்டுங்கள். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றினால் மடித்துக் கட்டிய லுங்கி. காட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குச் சேலை மேல் ஆண் சட்டை, தலையில் சும்மாடு. நுண்ணிய அரம், இடுக்கி போன்றவை வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டை பக்கம் போங்கள். கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கருவிகள் இந்த வேலைக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

மாடு வாங்குவதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் கறுப்பு-வெள்ளை மாடு கலப்பினமாக நம் ஊர்க் கொட்டாயிலும் கட்டியிருக்கிறது. செம்மறிதான் இடிக்கும். மாதிரி ஆடுகள் கம்பளி உருண்டையாக இருக்கும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, கொம்பும் கிடையாது. கம்பளியை அரத்தால் வழித்து, காலை மெல்லியதாக்கி, வெளிர் பழுப்பு அடியுங்கள்.

டிராக்டரை அழுக்காக்குவது

பலருக்குக் கை நடுங்கும் இடம் இது. முதலில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, பளபளப்பு போகட்டும். பிறகு சலித்த செம்மண் தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். டயர், ரிம், மட்கார்டின் உட்புறம் தடிப்பாக. பானெட்டில் லேசாக. டிரைவர் கையும் காலும் படும் இடங்களில் தூசியே இருக்கக்கூடாது. ஸ்டியரிங், சீட், பெடல், ஏறும் படி எல்லாம் தேய்ந்து மினுங்க வேண்டும். அங்கே பென்சில் தூளை விரலால் தேயுங்கள்.

கலப்பை மாட்டியிருந்தால் துருவை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். மண்ணில் ஓடுகிற கொழு முனை துருப்பிடிப்பதில்லை, வெள்ளி போல மின்னும். துருவும் பழைய பெயிண்ட்டும் அதற்கு மேல் பகுதியில்தான். வருடக்கணக்கில் மூலையில் கிடக்கும் கலப்பைக்குத்தான் முழுத்துரு. சைலன்சர் முனையில் கரி, கிரீஸ் நிப்பிள்களைச் சுற்றிக் கறுப்பு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலையும் படமும்

பின்னால் சேர்வராயன் தெரிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். வரைவதானால் கரும்பச்சையைத் தொடாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை சாம்பல் கலந்த நீலம்தான். அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்க மேடு ஒன்றை வெளிறித் தீட்டினால் ஊர் எது என்று சொல்லத் தேவையிருக்காது. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி பக்கம் மொட்டை மாடி இருப்பவர்களுக்கு வரையும் வேலையே இல்லை. பலகையை மாடிச் சுவரில் வைத்து நிஜ மலையையே பின்னணி ஆக்கிக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது கைபேசி லென்ஸ், பலகை மண்ணிலிருந்து ஐந்து செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அது அங்கே நிற்கிற ஆளின் கண்மட்டம். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. சில்வர் ஓக் மரத்தை முழுதாகச் செய்யாதீர்கள், அறுபதடி மரம் 57 செ.மீ. வரும். மிளகுக் கொடி ஏறிய அடிமரத்தை மட்டும் செய்து, பெட்டியின் மேல் விளிம்பில் வெட்டிவிடுங்கள். காப்பிச் செடி நாலரை அடி, 43 மி.மீ. களத்தில் காயும் காப்பிப் பழத்துக்கு ரவை சரியான அளவு. டிராக்டரைச் சரிவுக்கு ஏற்றாமல் களத்திலேயே நிறுத்துங்கள்.

வைத்திருப்பது

டிராக்டரை ஒட்டாதீர்கள். அடியிலிருந்து பலகை வழியாக ஒரு ஸ்க்ரூ போட்டால் வேண்டும்போது கழற்றித் துடைக்கலாம். பலகையைக் காரில் கொண்டுபோகும்போதும் முதலில் டிராக்டரையும் டிரெய்லரையும் கழற்றிவிடுங்கள். குலுக்கலில் மண்ணைப் பெயர்ப்பது அவற்றின் எடைதான். தூசிக்கு அக்ரிலிக் மூடி. நேர் வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம், ஸ்பாஞ்சு இலை வெளுக்கும். பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, இங்கே அது கூடவே கூடாது. அதன் ஆவியே தெர்மகோலையும் சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். மூடிக்குள் மூலையில் ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.